உறையில் யார் பெயர்?

ரெக்ஸ்டேல் என்ற ஊர்ப்பெயரே ஒருவகையில் உறையில் அச்சான பெயர்தான். 1950களில் இன்றைய ரொறன்ரோவின் எடோபிகோக் வடபகுதியில் விவசாய நிலங்களை வளைத்து வீடு கட்டி விற்ற ரெக்ஸ் ஹெஸ்லொப் தன் பெயரை ஊருக்கு விட்டுப்போனார். கொத்தனார் பெயரை யாரும் ஊருக்கு வைப்பதில்லை. அதன்பிறகு இங்கே ஆட்கள் அலையலையாக மாறினார்கள்: கரீபியத் தீவுகளிலிருந்து, சோமாலியாவிலிருந்து, பஞ்சாபிலிருந்து, குஜராத்திலிருந்து, யாழ்ப்பாணத்திலிருந்து. இந்தக் கலவையிலிருந்து ஓர் இசைக்குழு கிளம்புவதாக வைத்துக்கொள்வோம். கிட்டார், டிரம்ஸ், ஒரு மிருதங்கம், சோமாலியர்கள் ‘கபன்’ என்று சொல்லும் ஊத் வாத்தியம், இரண்டு குரல். பின்னால் பெரிய நிறுவனம் எதுவும் இல்லை. பத்துப் பாட்டுப் பதிவாகிவிட்டது. இனி ஆல்பத்தின் உறையும் வீடியோவும்தான் பாக்கி. இந்தக் கட்டத்தில் பேச்சு வழக்கமாக நிறம், எழுத்துரு, கேமரா, ட்ரோன் என்று போகும். என் கட்சி வேறு. முதலில் முடிவாக வேண்டியவை இரண்டே: உறையில் யார் யார் பெயர் வரும், வீடியோவில் யார் யார் முகம் வரும். அதை எழுதி வைத்துக்கொண்ட குழுவுக்கு மற்ற முடிவுகள் பாதி தானாகவே வந்துவிடும். எழுதாத குழு, எவ்வளவு அழகான உறை போட்டாலும், பாட்டு ஓடத் தொடங்கும் நாளில்தான் சண்டை போடும்.

இதற்கு ரெக்ஸ்டேலே சாட்சி வைத்திருக்கிறது. இந்த ஊர் வளர்த்து உலகம் அறிந்த பாடகர் கெய்னான். மொகடிஷுவில் பிறந்து, 1991இல் சோமாலியா போரில் சிதறியபோது குடும்பத்தோடு வெளியேறி, நியூயார்க்கில் கொஞ்சகாலம் இருந்துவிட்டு ரெக்ஸ்டேலுக்கு வந்து சேர்ந்தவர். 2005இல் வந்த அவருடைய ஆல்பத்தின் பெயர் ‘தி டஸ்டி ஃபுட் ஃபிலாசஃபர்’, புழுதிக்கால் தத்துவஞானி. பாட்டைக் கேட்பதற்கு முன்பே ஆளைக் காட்டிவிடுகிற தலைப்பு அது. 2006இல் சிறந்த ராப் பதிவுக்கான ஜூனோ விருது அதற்குக் கிடைத்தது. அதே ஆண்டு தொடங்கிய போலாரிஸ் இசைப்பரிசின் முதல் இறுதிப்பட்டியலிலும் இடம்பிடித்தது. அந்த ஆல்பத்தின் ‘சூபாக்ஸ்’ பாட்டுக்கு வீடியோ எடுக்க அவர் போனது கென்யாவுக்கு. சோமாலியும் ஆங்கிலமும் கலந்து பாடப்பட்டு, ஆயுதக்காரர்களை வெளியே வரச் சொல்லிக் கேட்கிற பாட்டு. அதைப் பாடும்போது சுற்றி நிற்பவர்கள் சோமாலியர்களாக இருக்க வேண்டும் என்பது படம் பார்த்த கணத்திலேயே புரிகிறது. கனடாவிலேயே ஒரு கிடங்கை வாடகைக்கு எடுத்து, புகையடித்து, விளக்குப் போட்டு எடுத்திருந்தால் வேலை சுலபமாக முடிந்திருக்கும். பாட்டு யாரைக் கூப்பிடுகிறதோ அவர்கள் அதில் இருந்திருக்க மாட்டார்கள்.

அடுத்த கட்டம் இன்னும் கவனிக்கத்தக்கது. 2009இல் ‘ட்ரூபடோர்’ ஆல்பம் வந்தது. அதிலுள்ள ‘வேவிங் ஃப்ளாக்’ பாட்டைக் கோகோ கோலா 2010 உலகக்கோப்பைக் கால்பந்துக்கு எடுத்துக்கொண்டபோது, போரைப் பற்றிய வரிகள் கழன்று கொண்டாட்ட வரிகள் ஏறின. உலகம் முழுக்கப் பாடியது அந்தப் பதிப்பைத்தான். 2012இல் வந்த அடுத்த ஆல்பத்துக்கு, அமெரிக்க வானொலி கேட்கும் இளசுகளுக்கு ஏற்ற மாதிரி எழுதச்சொல்லி நிறுவனத்தார் அறிவுரை சொன்னார்கள். அவரும் எழுதினார். அந்த டிசம்பரில் நியூயார்க் டைம்ஸில் தன்னைத்தானே குற்றக்கூண்டில் நிறுத்தி ஒரு கட்டுரை எழுதினார் கெய்னான்: தன் பாட்டுகளில் ஃபாத்திமா மேரியாகிவிட்டாள், முகமது ஆதமாகிவிட்டான் என்று. ‘ட்ரூபடோர்’ ஆல்பத்தில் ஃபாத்திமா என்ற பெயரிலேயே ஒரு பாட்டு உண்டு என்பதை நினைவில் வைத்துக்கொண்டு படித்தால் அந்த ஒப்புதலின் கனம் தெரியும். ராகம், தாளம், தயாரிப்பு என்று எத்தனையோ மாறியிருக்கும். தன்னை எங்கே தொலைத்தோம் என்று தேடியவர் விரலை வைத்த இடம் ஒரு பெயர். இதற்கு வரும் எதிர்வாதம் வலுவானது: வரி மாற்றியதால்தானே கோடிக்கணக்கானவர்களிடம் பாட்டுப் போனது? போனது, மறுக்க முடியாது. சமரசம் விற்கும். ஆனால் உலகக்கோப்பை விளம்பரம் வாய்க்காத குழு பெயரை விட்டுக்கொடுத்தால், பதிலுக்குக் கிடைக்கும் பொருள் என்ன என்று கேட்டுப்பார்க்கலாம். பெரும்பாலும் ஒன்றுமில்லை.

தமிழ் உலகத்தில் இதே கேள்வி வெடித்தது 2021இல். பாடகி தீயும் ராப் பாடகர் அறிவும் பாடி, சந்தோஷ் நாராயணன் தயாரித்த ‘எஞ்சாயி எஞ்சாமி’ அந்த ஆண்டு மார்ச் 7 அன்று வெளியானது. வெளியிட்டது ஏ.ஆர்.ரஹ்மான் ஆதரவோடு தொடங்கிய, ரொறன்ரோத் தமிழர்கள் முன்னின்ற ‘மாஜ்ஜா’. ஆக, இது ஏதோ கோடம்பாக்கத்து விவகாரம் என்று ரெக்ஸ்டேல்காரர்கள் தள்ளிவிட முடியாது. அமித் கிருஷ்ணன் இயக்கிய வீடியோவில் இரண்டு பாடகர்களும் இருந்தார்கள். அதுவரை யாருக்கும் குறையில்லை. ஆகஸ்டில் ரோலிங் ஸ்டோன் இந்தியா இதழின் அட்டையில் தீயும், யாழ்ப்பாணத்தில் பிறந்து கனடாவில் வளர்ந்த ராப் பாடகர் ஷான் வின்சென்ட் டி பாலும் வந்தார்கள். அறிவு இல்லை. ஏன் இல்லை என்று திரைப்பட இயக்குநர் பா.ரஞ்சித் பகிரங்கமாகக் கேட்டார். பிறகு அறிவை வைத்துத் தனியாக ஒரு டிஜிட்டல் அட்டை வந்தது. அடுத்த ஆண்டு ஜூலையில் சென்னை செஸ் ஒலிம்பியாட் தொடக்கவிழா மேடையில் அறிவு இல்லாமல் அந்தப் பாட்டு அரங்கேறியது. உடனே பாட்டில் தன் பங்கு என்ன என்று அறிவு எழுத, சந்தோஷ் நாராயணனும் தீயும் தங்கள் பக்கத்தைச் சொன்னார்கள். யார் சொன்னது சரி என்று தீர்ப்பு எழுதுவது இங்கே வேலையில்லை. கவனிக்க வேண்டியது வேறொன்று: இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்த தன் பாட்டி வள்ளியம்மாளின் கதையை அறிவு கொண்டுவந்த பாட்டு அது. நிலத்தைத் திருத்தியவர்களைக் கொண்டாடுகிற பாட்டுக்கே, பாட்டைத் திருத்தியவர்கள் யார் என்ற தகராறு வந்தது. கோடிக்கணக்கானவர்கள் பார்த்த பிறகு, ஆளுக்கொரு அறிக்கையில், யார் மெட்டு, யார் வரி, யார் ஏற்பாடு என்று விளக்க வேண்டியிருந்தது. உறையின் பின்புறம் அரைப்பக்கத்தில் அடங்க வேண்டிய விஷயம்.

இதை வெறும் மரியாதைப் பிரச்சினை என்று நினைப்பவர்கள் கனடாவின் காப்புரிமைச் சட்டத்தைப் பார்க்கவேண்டும். பதிவான பாட்டு வானொலியிலோ கடையிலோ ஒலித்தால் வருகிற உரிமைத்தொகையில் பாதி பாடியவர், வாசித்தவர்களுக்கும் பாதி பதிவைத் தயாரித்தவருக்கும் போகிறது. இதை வசூலித்துப் பிரிப்பது ‘ரீசவுண்ட்’. முன்னணிப் பாடகர் மட்டுமல்ல, ஒரே ஒரு பாட்டுக்கு வந்து மிருதங்கம் வாசித்துவிட்டுப் போனவருக்கும் அதில் பங்கு கேட்க வழியுண்டு. எழுதியவருக்கும் மெட்டமைத்தவருக்கும் வசூலித்துக் கொடுக்க ‘சோகான்’ என்ற அமைப்பு தனி. கேட்கும்போது காட்ட வேண்டியது, அந்தப் பதிவில் நான் வாசித்தேன் என்பதற்கான ஆதாரம். பெயர் இருந்தால் காசு, இல்லாவிட்டால் அலைச்சல். இன்னொன்று, சிரித்துக்கொண்டே சொல்ல வேண்டியது: 1982 முதல் கனேடிய இசைக்குப் பணம் கொடுத்துவரும் ‘ஃபாக்டர்’ அமைப்பின் உதவி பெற்ற ஆல்பத்தின் உறையில் அந்த அமைப்பின் சின்னமும் கனடா அரசின் சின்னமும் இருந்தாக வேண்டும். அரசாங்கம் தன் பெயரை மறப்பதில்லை. அதே உறையில் மிருதங்கக்காரர் ‘பெர்கஷன்’ என்ற ஒற்றைச் சொல்லுக்குள், ஷேக்கர் ஆட்டியவரோடு சேர்ந்து, கரைந்துபோயிருப்பார்.

சரி, உறையை யார் பார்க்கிறார்கள்? இதுதான் எல்லாரும் கேட்கும் கேள்வி. பாட்டு போனில் ஓடுகிறது, அட்டைப்படம் நகத்தளவுச் சதுரம், பின்புறமே கிடையாது. ஸ்பாட்டிஃபையில் 2018இல் எழுதியவர், தயாரித்தவர் பெயர்களைக் காட்டும் வசதி வந்தது, ஆனால் மெனுவைத் தோண்டிப் போய்ப் பார்க்கிறவர் எத்தனை பேர்? நியாயமான கேள்வி. அதற்கு விற்பனைக் கணக்கு விசித்திரமான பதில் தருகிறது. 2022இல் அமெரிக்காவில் ஏறத்தாழ 4.1 கோடி வைனல் தட்டுகளும் 3.3 கோடி சிடிக்களும் விற்றன; 1987க்குப் பிறகு எண்ணிக்கையில் வைனல் சிடியை முந்தியது அப்போதுதான். இதோடு சேர்த்துப் படிக்க வேண்டியது லூமினேட் நிறுவனத்தின் ஆய்வு: வைனல் வாங்குபவர்களில் தட்டைச் சுழற்றும் பிளேயர் வைத்திருப்பவர்கள் பாதிப்பேர்தான். மீதிப்பேர் ஊசியே வைக்கப்போவதில்லை என்று தெரிந்துதான் முப்பது செண்டிமீட்டர் சதுர அட்டையைக் காசு கொடுத்து வாங்குகிறார்கள். ஃபேஷன் என்று இதைக் கேலி செய்யலாம். நான் வேறுவிதமாகப் படிக்கிறேன்: பாட்டு எல்லா இடத்திலும் இலவசமாகக் கிடைக்கிறது, உறை மட்டும்தான் வாங்கினால் கிடைக்கிறது. வாங்கியவர் அதைத் திருப்பிப்பார்ப்பார். பின்புறத்தில் இருக்க வேண்டியது அதனால்தான் முக்கியம். இதற்காக ரெக்ஸ்டேல் குழு ஐந்நூறு தட்டு அடிக்க வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. பக்கத்துப் பேர்லிங்டனில் வைனல் அச்சகம் இருக்கிறது என்ற ஆசையில் கடன் வாங்கி அடித்து, பெட்டி பெட்டியாக அடித்தளத்தில் அடுக்கி வைப்பதைவிட, நாலாக மடித்த கெட்டித்தாளில் படம், வரிகள், பெயர்கள், பாட்டைத் தரவிறக்கும் குறியீடு என்று அச்சடித்துக் கச்சேரி வாசலில் விற்பது புத்தி. பேண்ட்கேம்ப் தளத்தில் பொருளாக விற்றால் தளம் எடுக்கும் பங்கு நூற்றுக்குப் பத்து; பாட்டுக் கோப்பாக விற்றால் பதினைந்து. தாளுக்குத்தான் சலுகை.

இன்னொரு ஆட்சேபம் வடிவமைப்பாளர்களிடமிருந்து வரும்: எல்லார் முகமும் எல்லார் பெயரும் என்றால் உறை கல்யாணப் பத்திரிகை ஆகிவிடும். பெரிய மாமா பெயர் விடுபட்டதற்காகக் கோபித்துக்கொண்ட வீடுகளைப் பார்த்த நமக்கு அந்தப் பயம் புரியாததல்ல. ஆனால் கூட்டத்தைக் காட்டத் தெரிந்தவர்கள் காட்டியிருக்கிறார்கள். ‘தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ இசைக்குழு 2018 ஜனவரியில் சென்னை கீழ்ப்பாக்கத்தில் முதன்முதலாக மேடையேறியபோது பத்தொன்பது பேர். எல்லாருக்கும் ஒரே சாம்பல் நிறக் கோட்டு சூட்டு. கானா பாடுகிறவர், ராப் பாடுகிறவர், பறை அடிக்கிறவர் என்ற படிநிலை அந்தத் துணியில் காணாமல் போனது. அம்பேத்கரின் கோட்டு எல்லார் நினைவுக்கும் வந்தது. தையற்கூலி செலவில் ஒரு முழு அரசியல் அறிக்கை. எதிர்த்திசையில், முகமே வேண்டாம் என்று முடிவெடுப்பதும் முடிவுதான். எம்.ஐ.ஏ. பாட வருவதற்கு முன் படக்காரி. லண்டன் சென்ட்ரல் செயின்ட் மார்ட்டின்ஸில் படித்தவர். 2000இல் எலாஸ்டிகா குழுவின் ‘தி மெனஸ்’ ஆல்பத்துக்கு உறை செய்துகொடுத்தவர். 2010இல் தன் ‘மாயா’ ஆல்பத்தின் உறையில் தன் முகத்தையே யூடியூபின் ஓட்டப்பட்டைகளால் மூடி, கண் மட்டும் தெரிய விட்டார். கூட்டமா, ஒற்றை முகமா, வெற்றிடமா என்பதில் எனக்குக் கட்சியில்லை. யார் இருப்பது என்று எல்லாரும் உட்கார்ந்து பேசி எடுத்த முடிவா, அல்லது போட்டோ எடுக்கும் நாளில் வராதவர் விடுபட்டாரா என்பதில்தான் வித்தியாசம்.

பெயர் என்று முடிவான பிறகு எழுத்து. ஆங்கில உறையில் தமிழ் எழுத்தை ஓர் அலங்காரமாகத் தூவுவது இப்போது வழக்கம். அது பல நேரம் தப்பாகவே அச்சாகிறது. காரணம் எளிது. ‘கொ’ என்ற எழுத்தில் ககரத்துக்கு முன்னால் கொம்பு, பின்னால் கால். கணினி உள்ளே சேமிப்பது ககரத்தை முதலில், குறியைப் பின்னால். திரையில் காட்டும்போது கொம்பைத் தூக்கி முன்னால் வைப்பது மென்பொருளின் வேலை. தமிழ் தெரியாத வடிவமைப்பாளர் இன்டிசைனில் பழைய பத்தியமைப்பை விட்டு உலகமொழிகளுக்கான பத்தியமைப்புக்கு மாறாமல் ஒட்டினால், கொம்பு இடம் மாறி ககரத்துக்குப் பின்னால் போய் நிற்கும், புள்ளி எழுத்தைவிட்டு விலகி அந்தரத்தில் தொங்கும். அவர் கண்ணுக்கு இரண்டும் ஒரே அழகு. ‘கொட்டு’ என்ற தலைப்பு இப்படி உடைந்து முந்நூறு பிரதி அச்சாகிவிட்டால், பாட்டியிடம் காட்ட முடியாது. சரி பார்த்த எழுத்தை உடனே வெறும் வடிவக்கோடாக மாற்றி அச்சகத்துக்கு அனுப்பிவிட்டால் அங்கே எந்த இயந்திரமும் அதைக் கலைக்காது. ஒரு சொடுக்கு வேலை. அதற்கு முன், தமிழ் படிக்கத் தெரிந்த ஒருவர் தாளில் அச்செடுத்து விரல் வைத்துப் படிக்கவேண்டும். திரையில் படிப்பது போதாது.

வீடியோவுக்கு வருவோம். முன்பு கனடாவில் இதற்கென்றே பணம் இருந்தது. 1984இல், மச்மியூசிக் சேனல் பிறந்த அதே ஆண்டு தொடங்கிய ‘வீடியோஃபாக்ட்’ நிதி, பிற்பாடு ‘மச்ஃபாக்ட்’ ஆகி, 2017இல் மூடப்பட்டது. இப்போது சின்னக் குழுவிடம் இருக்கும் பெரிய சொத்து ஊர்தான். ரெக்ஸ்டேலின் தலைக்கு மேல் பியர்சன் விமானநிலையத்துக்கு இறங்கும் விமானங்கள் சக்கரத்தை நீட்டியபடி போகின்றன. வசனம் பேசும் படமென்றால் ஒவ்வொரு விமானத்துக்கும் கேமராவை நிறுத்தவேண்டும். மியூசிக் வீடியோவில் பதிவான பாட்டை ஸ்பீக்கரில் போட்டு உதட்டசைவு எடுப்பதால் இரைச்சல் ஒரு பொருட்டே இல்லை. விமானம் இனாமாகக் கிடைக்கும் காட்சி. வந்து இறங்கியவர்களின் ஊரில் அதைவிடப் பொருத்தமான பின்னணியைப் பணம் கொடுத்தாலும் கட்ட முடியாது. டிக்ஸன் சாலையின் உயரமான குடியிருப்புகள், அல்பியன் சாலைப் பிளாசாக்களின் பெயர்ப்பலகைகள், தமிழ்ப்படமும் ஓடும் அல்பியன் சினிமா, 2017இல் வண்ணப்பட்டைகளோடு புதிதாக எழுந்த அல்பியன் நூலகம். தெருவில் எடுக்க நகராட்சியின் திரைப்பட அலுவலகத்தில் அனுமதி வாங்கவேண்டும். இருபது லட்சம் டாலருக்குப் பொதுப்பொறுப்புக் காப்பீடும் காட்டவேண்டும். குடியிருப்பு நடைபாதைக்குக் கட்டட உரிமையாளர் தனியாகச் சம்மதிக்கவேண்டும். பலகையிலும் சட்டையிலும் இருக்கும் சின்னங்களிலும் கண் வேண்டும்: எம்.ஐ.ஏ. ‘பார்டர்ஸ்’ வீடியோவில் பாரிஸ் கால்பந்து அணியின் சட்டையில் ‘ஃப்ளை எமிரேட்ஸ்’ என்பதை ‘ஃப்ளை பைரேட்ஸ்’ என்று மாற்றி அணிந்ததற்கு அணி நிர்வாகத்திடமிருந்து வக்கீல் மொழியில் கடிதம் வந்தது.

ஊரைக் காட்டுவதில் ஓர் ஆபத்து இருக்கிறதே என்று இங்கே வளர்ந்தவர்கள் சொல்வார்கள். ரெக்ஸ்டேல் என்றால் செய்தித்தாளில் துப்பாக்கிச்சூடு. வீடியோவில் குடியிருப்புப் படிக்கட்டில் முகமூடி போட்ட பையன்கள். மறுபடி அதே படத்தையா எடுப்பது? இந்தக் கவலை எனக்கும் உண்டு, ஆனால் மருந்து ஊரை மறைப்பதில் இல்லை. ரொறன்ரோ ராப் பாடகர் ட்ரேக் 2016இல் ‘வியூஸ்’ ஆல்பத்தின் உறையில் சிஎன் கோபுரத்தின் விளிம்பில் சின்னதாக உட்கார்ந்திருந்தார். கேட்லின் க்ரோனன்பெர்க் எடுத்த படமும் கணினி ஒட்டுவேலையும். அது நகரத்தின் உச்சியிலிருந்து பார்க்கிறவருக்கான படம். அதே கோபுரத்தை ரெக்ஸ்டேல் குழுவும் போட்டால் சுற்றுலா அஞ்சலட்டைதான் மிஞ்சும். ஆபத்து வருவது பெயரில்லாத முகங்களால். படிக்கட்டில் நிற்கும் பையன் யார், கடை வாசலில் பின்னிக்கொண்டிருக்கும் அம்மா யார் என்று தெரியாமல் கேமரா அவர்களை நிறமாகவும் ‘சூழலாகவும்’ பயன்படுத்தும்போதுதான் ஊர் இழிவாகிறது. அந்த அம்மாவிடம் பேசி, கையெழுத்து வாங்கி, அவர் விரும்பினால் வீடியோவின் முடிவில் அவர் பெயரையும் போட்டால், அதே சட்டகம் வேறு படமாகிவிடுகிறது. ஷான் வின்சென்ட் டி பாலும் யாஞ்சனும் ‘மிருதங்கம் ராப்ஸ்’ என்று செய்தவற்றில் பிரமாண்டம் எதுவும் இல்லை: ஒருவர் உட்கார்ந்து மிருதங்கம் வாசிக்கிறார், இன்னொருவர் ராப் பாடுகிறார். தொடரின் பெயரிலேயே வாத்தியம் இருக்கிறது. ‘பெர்கஷன்’ பட்டியலிலிருந்து மிருதங்கம் தலைப்புக்கு ஏறியதே அந்த வீடியோக்களின் முழு வடிவமைப்பு என்று சொல்லிவிடலாம்.

ஆகவே வரிசையைத் தலைகீழாக்கத்தான் சொல்கிறேன். கலவை முடிந்து, மாஸ்டரிங் போகும் முன்பே ஒரு தாளில் பாட்டுவாரியாகப் பெயர்: எழுதியவர், மெட்டு, பாடியவர், ஒவ்வொரு வாத்தியமும் அதன் சொந்தப் பெயரில், பதிவு செய்த பொறியாளர், பதிவுக்குச் சமையலறையைக் கொடுத்த சித்தி உட்பட. எழுத்தும் எண்ணுமாகப் பன்னிரண்டு இடம் கொண்ட, ஒவ்வொரு பாட்டின் ஐஎஸ்ஆர்சி பதிவுக் குறியீடு எதிரே. எல்லாரும் அதில் கையெழுத்துப் போட்ட பிறகு வடிவமைப்பாளருக்கு ஒரு பிரதி, வீடியோ இயக்குநருக்கு ஒரு பிரதி, பாட்டை ஸ்ட்ரீமிங்குக்கு ஏற்றுபவருக்கு ஒரு பிரதி. வடிவமைப்பாளர் நிறத்தைப் பற்றி அப்போது பேசட்டும். இயக்குநர் ட்ரோன் கேட்டால் அப்போது யோசிக்கலாம். டிசம்பரில் எடுப்பதாக இருந்தால் மாலை ஐந்துக்கு முன்பே இருட்டிவிடும் என்பதால், விமானம் இறங்கும் காட்சியை மத்தியானத்துக்கே வைத்துக்கொள்வது நல்லது.